மழலையர் வகுப்பை ஒரு வருடம் தள்ளிப்போடலாமா?

எழுத்தும் எண்ணும் தெரியவில்லை என்பதற்காக மட்டும் தள்ளிப்போடாதீர்கள்; அதைச் சொல்லிக்கொடுக்கத்தானே பள்ளி. குழந்தை தானாகக் கழிப்பறை போகிறதா, வேண்டியதை வாய்விட்டுக் கேட்கிறதா, "செருப்பைக் கழற்றிவிட்டுக் கை கழுவு" என்றால் இரண்டையும் செய்கிறதா, நீங்கள் கிளம்பியதும் அழுதாலும் கொஞ்ச நேரத்தில் சமாதானமாகிறதா என்று பாருங்கள். உயரம் குறைவு என்பதெல்லாம் ஒரு காரணமே இல்லை.

தள்ளிப்போட்டால் உங்கள் குழந்தை வகுப்பில் மூத்ததாக இருக்கும்; ஆனால் அதனால் தொடக்கத்தில் கிடைக்கும் முன்னிலை சில வருடங்களில் பெரும்பாலும் கரைந்துவிடும்.

பேச்சில் தாமதம் தெரிந்தால் 'ஒரு வருடம் போனால் சரியாகிவிடும்' என்று காத்திருக்க வேண்டாம். குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். பள்ளி தள்ளிப்போனாலும் பேச்சுப் பயிற்சி தள்ளிப்போகக் கூடாது.

அப்புறம், பள்ளியில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்: அடுத்த வருடம் இதே வகுப்பில் சேர்ப்பார்களா, வயதைப் பார்த்து மேல் வகுப்பில் போட்டுவிடுவார்களா?