பாட்டில் மூடியும் பகா எண்ணும்: பிள்ளைகளுக்குப் பெருக்கலை எளிதாக்கும் வழி

பிள்ளைக்கு வாய்ப்பாடு ஓரளவு தெரிந்துவிட்டால் போதும், நான்காம், ஐந்தாம் வகுப்பிலேயே பகாக் காரணிகளை, அதாவது ஓர் எண்ணைப் பெருக்கலாக உடைத்துக்கொண்டே போனால் மேலும் உடைக்க முடியாமல் நிற்கும் எண்களை, சொல்லிக்கொடுக்கலாம். தமிழ்நாட்டுப் பாடநூலில் இது ஆறாம் வகுப்பில்தான் வருகிறது. வந்த உடனே மீப்பெரு பொதுக் காரணி, மீச்சிறு பொது மடங்கு என்று போய்விடுவதால், அந்த இரண்டையும் கண்டுபிடிக்க மட்டும்தான் பகாக் காரணி என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். அது பெரிய இழப்பு. பெருக்கல், வகுத்தல், பின்னம் மூன்றுக்குமே இது கைகொடுக்கும்.

படி 1: புளியங்கொட்டை அடுக்குதல்

12 புளியங்கொட்டைகளைக் கொடுத்து, மிச்சம் வராமல் சம வரிசைகளாக அடுக்கச் சொல்லுங்கள். 2 வரிசை, 3 வரிசை, 4, 6 என்று பல விதமாக வரும். அப்புறம் 7 கொடுங்கள். ஒரே நீள வரிசையாகத்தான் வரும், வேறு வழியே இல்லை. இப்படிப்பட்டவைதான் பகா எண்கள். 20 வரை பிள்ளையே அடுக்கிக் கண்டுபிடிக்கட்டும்: 2, 3, 5, 7, 11, 13, 17, 19.

"1 ஏன் இல்லை?" என்று கட்டாயம் கேட்பார்கள். பகா எண்ணுக்குச் சரியாக இரண்டு காரணிகள் (மீதியில்லாமல் வகுக்கும் எண்கள்) இருக்க வேண்டும்: 1-உம் அதே எண்ணும். 1-க்கு ஒன்றே ஒன்றுதான். அதனால் சேராது.

படி 2: மூடிகளாக உடைத்தல்

பாட்டில் மூடிகளைச் சேர்த்து நிறம் பிரியுங்கள். 2-க்குச் சிவப்பு, 3-க்கு நீலம், 5-க்குப் பச்சை, 7-க்கு மஞ்சள். மேலே எண்ணையும் எழுதிவிடுங்கள். 11, 13 போன்றவை எப்போதாவது வரும். அவற்றுக்கு வெள்ளை மூடி போதும்.

இப்போது 36-ஐ உடைக்கச் சொல்லுங்கள். ஒரு பிள்ளை 4 × 9 என்று தொடங்கும், இன்னொன்று 6 × 6 என்று, வேறொன்று 3 × 12 என்று. மேலும் உடைக்க முடியாத வரை போனால், எல்லார் கையிலும் இரண்டு சிவப்பு, இரண்டு நீலம். இதை அவசரப்பட்டு நீங்கள் சொல்லிவிடாதீர்கள். பக்கத்தில் இருப்பவரின் மூடிகளைப் பார்த்து அவர்களே கண்டுபிடிக்கும்போதுதான் இது மனதில் நிற்கும்.

மூடிகளைக் கூட்டிவிடும் பிள்ளைகளும் உண்டு: 2, 2, 3 என்றால் 7 என்பார்கள். ஒவ்வொரு முறையும் திரும்பப் பெருக்கிப் பார்க்கச் சொன்னால் இது சரியாகிவிடும்.

100 வரையுள்ள எண்ணை உடைக்க 2, 3, 5, 7 ஆகிய நான்கால் வகுத்துப் பார்த்தாலே போதும். 1-ஐத் தவிர, நான்கில் எதனாலும் வகுபடாவிட்டால் அது பகா எண். 51, 57, 91 மூன்றும் பகா எண் போலத் தோன்றும். ஆனால் 51 = 3 × 17, 57 = 3 × 19, 91 = 7 × 13.

படி 3: பெருக்கல்

நான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வது இந்தப் படிக்குத்தான். 35 × 16-ஐ எடுத்துக்கொள்வோம். 35-க்கு ஒரு பச்சை, ஒரு மஞ்சள். 16-க்கு நான்கு சிவப்பு. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டுங்கள். ஒரு சிவப்பும் ஒரு பச்சையும் சேர்ந்தால் 10. அந்த ஜோடியைத் தனியே வைத்தால் மிச்சம் ஒரு மஞ்சள், மூன்று சிவப்பு: 7 × 8 = 56. விடை 560.

25 × 36-இல் இரண்டு ஜோடி கிடைக்கும், அதாவது 100. மிச்சம் இரண்டு நீலம், 9. விடை 900. கடைசியில் சைபர் எங்கிருந்து வருகிறது என்பதைப் பிள்ளை கண்ணால் பார்த்துவிடுகிறது. அதனால்தான் இதை வெறும் குறுக்குவழி என்று நான் சொல்லமாட்டேன்.

37 × 43 போன்றவற்றுக்கு இது உதவாது, இரண்டுமே பகா எண்கள். வழக்கமான முறையிலேயே பெருக்கட்டும். எந்தக் கணக்குக்கு எந்த வழி என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதும் பயிற்சிதான்.

படி 4: வகுத்தல்

432 ÷ 18. பதினெட்டாம் வாய்ப்பாடு தெரியாவிட்டால் கவலை வேண்டாம். 18 = 2 × 3 × 3. எனவே ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டே போகலாம்: 432-ஐ 2-ஆல் வகுத்தால் 216, அதை 3-ஆல் வகுத்தால் 72, மறுபடி 3-ஆல் வகுத்தால் 24. மீதியில்லாமல் வகுபடும் கணக்குகளையே முதலில் கொடுங்கள்.

படி 5: பின்னம்

42/70-ஐச் சுருக்க, மேலே 2, 3, 7 மூடிகள். கீழே 2, 5, 7. மேலும் கீழும் ஒரே நிறத்தை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டால் 3/5.

6/18-இல் கொஞ்சம் கவனம் வேண்டும். மேலே உள்ள மூடிகள் எல்லாம் போய்விடும், பிள்ளை 0 என்று எழுதும். எடுத்தது கழித்தல் அல்ல, வகுத்தல்; 6-ஐ 6-ஆல் வகுத்தால் 1. ஆகவே விடை 1/3.

செய்து பார்க்க: 45 × 14, 75 × 12, 540 ÷ 36, 30/105. விடைகள் 630, 900, 15, 2/7. முதல் இரண்டையும் மூடிகளோடு செய்யட்டும், மற்றவற்றை நோட்டில் எழுதிச் செய்யட்டும்.