முதியோர் சங்கத்துக்கு அரச உதவி கேட்கப் போகிறீர்களா?

காசு கேட்டுக் கடிதம் எழுத முதல் ஒரு கொப்பி வாங்குங்கள். திருகோணமலை அன்புவழிபுரத்தில் எங்கள் முதியோர் சங்கத்தின் செயலாளராக இருந்து நான் படித்த முதல் பாடம் அது.

மாதத்தில் இரண்டு பின்னேரம் கூடுங்கள், மரத்தடியென்றாலும் பரவாயில்லை. வந்தவர்களின் கையொப்பம், கதைத்த விஷயம், எடுத்த முடிவு எல்லாம் கொப்பியில் ஏறட்டும். எங்கள் முதல் பக்கத்தில் ஏழு பேர்தான். ஏழாவது, மை பரவிய ஒரு பெருவிரல் அடையாளம். அந்த அம்மாவின் பிள்ளைகள் மூன்று பேரும் கனடாவில். அன்றைக்கு ஒரு சொல்லும் பேசாமல், ஆறிப்போன தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தா. போகும்போது மட்டும், "அடுத்த கூட்டம் எப்ப டீச்சர்?" என்று கேட்டா.

முதியோருக்கான தேசிய செயலகம் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. அதற்காகக் கொழும்புக்கு எழுத வேண்டியதில்லை. உங்கள் பிரதேச செயலகத்துக்குப் போங்கள்; எங்களுக்கு அது 'பட்டினமும் சூழலும்' பிரதேச செயலகம். முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையோ சமூக சேவை உத்தியோகத்தரையோ கேளுங்கள். கிராம உத்தியோகத்தரையும் அழைத்துப் பொதுக்கூட்டம் வைத்து, நிர்வாகத்தைத் தெரிவு செய்து, சங்கத்தைப் பதியுங்கள். சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கும் திறவுங்கள். 60 வயது தாண்டியவர்களுக்கு முதியோர் அடையாள அட்டை விண்ணப்பத்தையும் அதே கையோடு நிரப்பிவிடலாம்.

சரி, இனிக் கோரிக்கை. "முதியோர் நலனுக்கு உதவுங்கள்" என்று மட்டும் எழுதினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. 25 கதிரை, ஒரு பிரஷர் பார்க்கும் கருவி, இரண்டு கரம் போர்ட் என்று எண்ணி எழுதுங்கள். மூன்று கடைகளின் விலைக்கூறு, வங்கிப் புத்தகப் பிரதி, அந்த முடிவை எடுத்த கூட்டக் குறிப்பு மூன்றையும் இணையுங்கள். ஒரே ஒரு விலைக்கூறு வைத்ததால் எங்கள் கடிதம் ஒருமுறை திரும்பி வந்தது. அரச நிதியாண்டு ஜனவரியில் தொடங்குவதால் வருடத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள். பற்றுச்சீட்டு ஒன்றையும் தொலைக்க வேண்டாம்.

ஆட்டோக் கூலியையும் கேளுங்கள். கிடைக்காவிட்டால் சங்கக் காசில் கொடுங்கள். நடக்க ஏலாமல் வீட்டுக்குள்ளேயே கிடப்பவர்களுக்குத்தானே இந்தக் கூட்டம் அதிகம் தேவை? யாராவது தொடர்ந்து இரண்டு கூட்டத்துக்கு வரவில்லையென்றால், அன்றைக்கே இரண்டு பேர் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். போனதையும் கொப்பியில் எழுதிவையுங்கள்.