ஆறின எஞ்சினில் 900 டிகிரியா?

என் பிஎஸ் 6 டீசல் வண்டியில் செக் எஞ்சின் விளக்கு எரிந்தது, பிக்கப்பும் செத்துப் போனது. ஸ்கேனரில் வந்த பிழைக் குறியீடு பி 0546: எக்ஸாஸ்ட் (புகைக்குழாய்) வெப்ப சென்சார், சர்க்யூட் ஹை, அதாவது அதன் சிக்னல் அளவுக்கு மீறி உயர்ந்திருக்கிறது. "சென்சார் போச்சு சார், மாத்திடலாம்" என்றார் மெக்கானிக். ஒருநாள் பொறுங்கள் என்றேன்.

மறுநாள் காலை, ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, சென்சார்கள் அந்த நேரத்தில் காட்டும் அளவுகளை (லைவ் டேட்டா) ஸ்கேனரில் பார்த்தோம். ராத்திரி முழுக்க ஆறின வண்டி. எல்லா வெப்ப சென்சாரும் 30 டிகிரிக்குப் பக்கத்தில்தான் காட்ட வேண்டும். மற்றவை காட்டின. இது மட்டும் 900-ஐத் தாண்டி நின்றது!

கனெக்டரைக் கழற்றி மீட்டரை வைத்தால் சென்சார் 222 ஓம். இந்த ரகம் பூஜ்ஜிய டிகிரியில் 200 ஓம் காட்டும், சூடு ஏற ஏற ஓமும் கூடும். 30 டிகிரிக்கு 222 சரிதான். அப்படியென்றால் சென்சார் நல்லாத்தான் இருக்கிறது. அப்புறம் வண்டிப் பக்க இரண்டு ஒயரையும் சின்னக் கம்பியால் இணைத்தேன், ஓம் கிட்டத்தட்ட பூஜ்ஜியமாகும். ரீடிங் சட்டென்று அடிமட்டத்துக்கு இறங்கியிருக்க வேண்டும், அசையவே இல்லை. ஒயர்தான் எங்கோ அறுந்திருக்கிறது; அதைத்தான் வண்டி பயங்கர சூடு என்று எடுத்துக்கொண்டது.

டேப்பைப் பிரித்துக்கொண்டே போனால், பேட்டரி தட்டுக்குக் கீழே ஒரு ஒயர் இரண்டு துண்டு. பக்கத்திலேயே எலிப் புழுக்கை. சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டு, ஸ்கேனரில் பிழைக் குறியீட்டை அழித்தோம். ரீடிங் 31.

இந்தக் கோளாறால் நின்றுபோயிருந்த டிபிஎஃப் ரீஜென் (புகைக்கரி வடிகட்டியில் சேர்ந்த கரியை எரித்துச் சுத்தம் செய்வது), பைபாஸில் அரை மணி நேரம் ஓட்டியதும் தானாக முடிந்தது. எலியை இன்னும் பிடிக்கவில்லை.