தேக்கு, பலா, ஈட்டி: மூன்று மரத்தில் ஒரு சின்னப் பெட்டி

9 அங்குல நீளம், 6 அங்குல அகலம், 4 அங்குல உயரம். வளையலோ பழைய கடிதங்களோ வைத்துக்கொள்ளத் தோதான அளவு. இழைப்புளி தீட்டுவது, ரம்பம் பிடிப்பது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக வேலைக்குப் போகிறேன்.

பக்கங்களுக்குத் தேக்கு, மூடிப் பலகைக்கு மூன்று மரமும், மூலைகளில் ஈட்டிச் சில்லுகள். இதற்கெல்லாம் மரவாடிக்குப் போக வேண்டாம். கட்டில், நாற்காலி செய்யும் பட்டறைகளில் துண்டுதுணுக்கு சல்லிசாகக் கிடைக்கும். காரைக்குடிப் பக்கம் இருப்பவர்களுக்கு யோகம். இடித்த வீடுகளின் பர்மா தேக்கு காய்ந்து வைரம் பாய்ந்திருக்கும், லேசில் கோணாது. இழைக்கும் முன் ஒரு காந்தத்தை மேலே ஓட்டிப் பாருங்கள்; உள்ளே ஒடிந்த ஆணி இருந்தால் இழைப்புளி அலகு போச்சு. ஈட்டியைக் காக்கத் தமிழ்நாட்டில் 1994இல் தனிச் சட்டமே போட்டார்கள். அதனால் உடைந்த பழைய மேசைக் கால் கிடைத்தால் அதை அறுத்துக்கொள்வதே நல்லது. நமக்குக் கையகலத் துண்டு போதும். எந்த மரமானாலும் வெள்ளைப் பகுதியைக் கழித்துவிடுங்கள், வண்டு அரிக்கும்.

முதலில் மூடிப் பலகை. பட்டைகளை நீளவாக்கில், ரேகை ஒரே திசையில் ஓடும்படி ஒட்டி, 5 மி.மீ. கனத்துக்கு இழையுங்கள். தேக்கிலும் ஈட்டியிலும் எண்ணெய்ப் பசை உண்டு. இழைத்த அன்றே ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் அசிட்டோனால் ஒரு முறை துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும். ஈட்டித் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பு தரும், மூச்சுக்கும் ஆகாது. முகமூடி கட்டாயம்.

பக்கப் பலகைகள் 10 மி.மீ. கனம், ஆசாரி கணக்கில் ஏறக்குறைய 3 நூல். நான்கையும் ஒரே நீளப் பலகையிலிருந்து வரிசையாக அறுத்தால் ரேகை பெட்டியைச் சுற்றி ஓடும். அறுக்கும் முன்பே உள்பக்கம் மேலும் கீழும் 4 மி.மீ. ஆழத்தில் காடி (மூடியும் அடிப்பலகையும் செருகி நிற்கும் நீளப் பள்ளம்) போட்டுவிடுங்கள்.

இனி மூலை. இந்த வேலையில் பாதி நேரம் இதற்குத்தான் போகும், போகட்டும். பலகை முனைகளை 45 டிகிரி சரிவாக அறுத்து ஒன்றோடொன்று சேர்க்கிறோம்; நான்கு மூலைக்கு எட்டு அறுப்பு. ஒவ்வொன்றிலும் அரை டிகிரி பிசகினால் கடைசி மூலையில் 4 டிகிரி வாய் பிளந்து நிற்கும். அங்கே மரத்தூளையும் பசையையும் குழைத்து அப்புவது எனக்குப் பிடிக்காது, பாலிஷ் போட்டதும் காட்டிக்கொடுத்துவிடும். கடையில் விற்கும் பிளாஸ்டிக் மைட்டர் பெட்டியும் (கோணமாக அறுக்க ரம்பத்துக்குப் பிளவு விட்ட சட்டம்) வேண்டாம். அதன் பிளவுக்குள் ரம்பம் ஆடும். கொஞ்சம் கூடுதலாக அறுத்துக்கொண்டு, 45 டிகிரி சரிவாகச் செய்த கட்டையின் மேல் பலகையைச் சாய்த்து, இழைப்புளியால் மெல்லிசாகச் சீவிக் கொண்டுவாருங்கள். சுருள் காகிதம்போல் முழு அகலத்துக்கும் வந்தால் முனை நேராகிவிட்டது என்று அர்த்தம். முதலில் இரண்டு கழிவுத் துண்டுகளைச் சீவிச் சேர்த்து, மூலைமட்டம் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள்.

கோணம் சரியாக இருந்தும் மூலை மூடவில்லை என்றால் எதிர்ப் பக்கங்கள் ஒரே நீளம் இல்லை. அளவுகோலை நம்பாதீர்கள். சரிவுக்கட்டையில் ஒரு முட்டுக்கட்டை அறைந்து, இணைப் பலகைகள் இரண்டையும் அதே முட்டில் வைத்துச் சீவுங்கள். பிறகு முதுகோடு முதுகு ஒட்டி நிறுத்தி விரலால் தடவினால் மயிரிழை வித்தியாசமும் தட்டுப்படும்.

ஒட்டுவதற்குக் கிளாம்ப் தேவையில்லை. நான்கு பலகைகளையும் வெளிமுகம் மேலே தெரிய, முனைகள் தொட, வரிசையாக வைத்து டேப்பை இழுத்து ஒட்டுங்கள். அப்படியே புரட்டினால் மூலைகள் பள்ளமாகத் தெரியும். குறுக்கு வெட்டு பசையைக் குடித்துவிடும், ஆகவே மெல்லிசாக ஒரு பூச்சு, சில நிமிடம் கழித்து இன்னொன்று. அடிக்கு 4 மி.மீ. பிளைவுட் வைத்து ஒட்டலாம். மூடிப் பலகைக்கு மட்டும் காடியில் பசை வேண்டாம். மழைக்காலத்தில் மரம் அகலவாக்கில் உப்பும். இரு பக்கமும் 1 மி.மீ. இடம் விடுங்கள். இல்லையென்றால் கார்த்திகையில் மூலை பிளக்கும். பலகைக்குப் பாலிஷையும் பூட்டும் முன்பே போட்டுவிடுவது நல்லது. சுருட்டி மூடி, கடைசி மூலைக்கும் டேப் போட்டு, குறுக்களவு இரண்டும் சமமா என்று பாருங்கள்.

ஆமாம், பெட்டி இப்போது மூடியே இருக்கும். மறுநாள் மூலைகளில் ரம்பத்தால் குறுக்கே கீறி, ஈட்டிச் சில்லுகளைப் பசையோடு செருகுங்கள். அப்புறம் மேலிருந்து ஓர் அங்குலத்தில் சுற்றி அறுத்தால் மூடி தனியாக வந்துவிடும். சில்லுகள் அந்தக் கோட்டில் வராதபடி முன்பே குறித்துக்கொள்ளுங்கள். இந்த அறுப்புக்கு ஜப்பானிய இழு ரம்பம்தான் என் சிபாரிசு, தகடு மெல்லிசு. உள்ளே பலாப் பட்டைகளை 5 மி.மீ. மேலே நீட்டிச் செருகினால் மூடி உட்காரும். கீல் வேண்டாம்.

பின்சேர்க்கை: பலாப் பட்டை பாலிஷ் போட்டதும் ஊதா பாய்ந்து அழுக்காகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். ஈட்டியின் சாயம் ஸ்பிரிட்டில் கரையும். அவலரக்கை (ஷெல்லாக்) ஸ்பிரிட்டில் கரைத்த பாலிஷைத் துணியால் குறுக்கே தேய்த்தால் பக்கத்து மரத்தில் இழுபடத்தான் செய்யும். முதல் இரண்டு பூச்சுகளைச் சின்னத் தூரிகையால் பலாவுக்கு மட்டும் நீளவாக்கில் கொடுத்துக் காயவிடுங்கள், பிறகு முழுவதற்கும். உப்புத்தாளும் ஈட்டித் தூளைப் பலாவின் துளைகளில் அடைக்கும். கண்ணாடிச் சில்லால் சுரண்டி வழவழப்பாக்குவது மேல். பலாவின் மஞ்சள் வெளிச்சம் பட்டுப் பழுப்பாகும், அதற்குப் பாலிஷ் காரணமில்லை.