மாடியில் கரிக்கோடு: போட்டி முடிந்த பிறகு நம் சுடுதலை நாமே சோதிப்பது எப்படி

பாங்காக்கில் நீலக்கல் தரம் பிரிப்பது என் தொழில். வாப்பாவும் அதைத்தான் செய்தார். கீழக்கரையிலிருந்து கல் வியாபாரத்துக்கு அங்கே போனவர்கள் எங்கள் தெருவிலேயே பலர் உண்டு, அதனால் அதில் யாருக்கும் வியப்பில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் செய்வதுதான் தெருவில் ஒருவருக்கும் பிடிபடாது. இடுப்பில் கைத்துப்பாக்கியை மாட்டிக்கொண்டு, ஒரு தடுப்பிலிருந்து இன்னொரு தடுப்புக்கு ஓடி, அட்டைகளையும் இரும்புத் தட்டுகளையும் சுடுகிற போட்டி அது. ‘காசு கொடுத்து வேர்வை வாங்குகிறாய்’ என்பாள் ராத்தா, என் அக்கா.

1976-இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் தொடங்கிய ஐ.பி.எஸ்.சி. (சர்வதேச நடைமுறைச் சுடுதல் கூட்டமைப்பு) விதிகளின்படி நடக்கும் போட்டி இது. 2022-இல் இதன் உலகப் போட்டி தாய்லாந்தின் பட்டாயாவில் நடந்தது. துல்லியம், வலு, வேகம் மூன்றும் சேர வேண்டும் என்பது இதன் குறிக்கோள். சேர்ந்ததா இல்லையா என்பதைப் போட்டி முடிந்த பிறகு கண்டுபிடிக்கும் வழியைத்தான் எழுதப்போகிறேன். துப்பாக்கி பாங்காக்கில் சங்கத்தின் பெட்டகத்தில் இருக்கிறது. நான் விடுமுறையில் கீழக்கரையில் இருக்கிறேன். இந்த வேலைக்குத் துப்பாக்கி தேவையே இல்லை.

விடுமுறைக்கு முந்திய வாரம் ஒரு போட்டி. அதில் ஒரு ஸ்டேஜ், அதாவது தனியாக மதிப்பெண் போடும் ஒரு பகுதி, என்னைக் கவிழ்த்துவிட்டது. விமானத்தில் வரும்போது, ‘மேகசின் (தோட்டாப் பெட்டி) மாற்றும்போது தடுமாறினேன், அதுதான் கெடுத்தது’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊரில் மச்சானிடமும் அதையே சொன்னேன். நான்காம் நாள் நோட்டையும் வீடியோவையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், மேகசினுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஆகவே முதல் வேலை, நினைவு கதை கட்டுவதற்குமுன் எழுதிவிடுவது. சுட்டு முடித்து, துப்பாக்கியைக் காலியாகக் காட்டி, ஹோல்ஸ்டரில் (இடுப்பு உறையில்) வைத்த பிறகு, போட்டியை நடத்தும் ரேஞ்ச் ஆபீசர் ஒவ்வோர் அட்டையாகப் பார்த்து மதிப்பெண் சொல்லிக்கொண்டு போவார். கூடவே நடங்கள். ‘ஆல்ஃபா சார்லி’ (ஒன்று ஏ பகுதியில், ஒன்று சி-யில்), ‘மைக்’ (தவறியது) என்று அவர் சொல்வது காதில் விழுந்தால் போதாது. எத்தனையாவது அட்டை, துளை எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு, பத்து நிமிடத்துக்குள் குறித்துவிட வேண்டும். நான் எழுதியது இவ்வளவுதான்: ‘7-ஆவது: ஒன்று ஏ, இன்னொன்று இல்லை. இரண்டாவது குண்டில் துப்பாக்கி நுனியிலுள்ள முன் குறியைப் பார்த்த நினைவில்லை.’ வெயில், கைப்பிடியில் வேர்வை, பக்கத்தில் யாரோ பேசியது எதையும் எழுதவில்லை. கல்லைக் கழுவித் துடைத்த பிறகுதான் பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் கண்ணாடியில் பார்ப்போம். தூசியைப் பிளவு என்று எண்ணி விலையைக் குறைத்த புதியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வெயிலும் வேர்வையும் அந்தத் தூசிதான்.

இரண்டாவது கணக்கு. பலர் இதைத் தாண்டிப்போய்விடுகிறார்கள். எனக்கோ இதுதான் மிகவும் பிடித்த பகுதி.

நான் சுடுவது, ஆலையில் செய்த துப்பாக்கியைப் பெரிதாக மாற்றாமல் சுடும் புரொடக்‌ஷன் பிரிவு. தொடங்கும்போது மேகசினில் 15 தோட்டாக்களுக்கு மேல் கூடாது. அட்டையில் நடுவிலுள்ள ஏ பகுதிக்கு 5, அதைச் சுற்றிய சி-க்கு 3, ஓரத்து டி-க்கு 1. இரும்புத் தட்டு விழுந்தால் 5. தவறவிட்டால் அந்த 5 கிடைக்காமல் போவதோடு 10 தண்டமும் உண்டு, ஆக இழப்பு 15. பெற்ற புள்ளியை எடுத்த நொடியால் வகுத்தால் வருவது ஹிட் ஃபேக்டர். முதலாவதாக வந்தவரின் ஹிட் ஃபேக்டரில் உங்களுடையது எத்தனை பங்கோ, அந்த ஸ்டேஜின் மொத்தப் புள்ளியில் அத்தனை பங்கு உங்களுக்கு.

அந்த ஸ்டேஜில் 11 அட்டைகளும் 2 தட்டுகளும் இருந்தன. அட்டைக்கு இரண்டு குண்டுகள், ஆக மொத்தம் 24 குண்டுகள், 120 புள்ளிகள். எனக்கு 14 ஏ, 6 சி, 1 டி, 1 மிஸ், தட்டுகள் இரண்டும். கூட்டினால் 99, தண்டம் போக 89. நேரம் 21.40 நொடி, ஹிட் ஃபேக்டர் 4.16. முதலாவதாக வந்த தாய்லாந்து இளைஞருக்கு 114 புள்ளி, 16.30 நொடி, 6.99. எனக்குக் கிடைத்த ஸ்டேஜ் புள்ளி 71.

இங்கே நிறுத்திவிடாதீர்கள். ஹிட் ஃபேக்டர் 4.16 என்றால் எனக்கு ஒரு நொடியின் விலை ஏறத்தாழ 4 புள்ளிகள். இனி எல்லாத் தவறுக்கும் ஒரே நாணயத்தில் விலை போடலாம். ஏ விழவேண்டிய இடத்தில் சி விழுந்தால் இழப்பு 2 புள்ளி, அதாவது சுமார் அரை நொடி. அதை ஏ ஆக்க அரை நொடிக்குள் முடியுமென்றால் நிதானித்திருக்க வேண்டும், முடியாதென்றால் விட்டது சரி. டி-யின் விலை ஒரு நொடிக்குச் சற்றுக் குறைவு. மிஸ்ஸின் விலை 3.6 நொடி! எத்தனை குண்டு வேண்டுமானாலும் சுடலாம், சிறந்த இரண்டே கணக்கில் சேரும் என்பது அங்கே விதி. இன்னொரு குண்டுக்கு 0.6 நொடி செலவிட்டிருந்தால்கூட 104 புள்ளி, 22 நொடி, ஸ்டேஜ் புள்ளி 81. பத்துப் புள்ளியைக் கீழே போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

விலை தெரிந்தது. காரணம் தெரிய வீடியோ வேண்டும்.

வீடியோவை நண்பரிடம் எடுக்கச் சொல்லுங்கள். பின்னால் நின்று, உங்கள் முதுகு, கைகள், முக்கியமாகப் பாதம் தெரியும்படி எடுக்க வேண்டும். அட்டையைப் படம்பிடித்துப் பயனில்லை, அது என்ன சொல்லும் என்று மதிப்பெண் தாளிலேயே இருக்கிறது. உங்களைவிட நன்றாகச் சுடும் ஒருவரையும் அதே ஸ்டேஜில் அவர் அனுமதியோடு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் அந்த இளைஞரின் வீடியோ இருந்தது.

அஸர் தொழுகை முடிந்து மாடிக்குப் போவேன். ‘அப்பா தீவு’ என்னும் தீவின் பக்கம் போன வள்ளங்கள் திரும்புகிற நேரம். ராத்தாவின் மகன் வெடிச்சத்தங்களுக்கு இடையிலான நேரத்தைக் கைப்பேசியில் அளந்து சொல்ல, நான் எழுதுவேன். சாதாரணக் கைப்பேசி நொடிக்கு 30 படங்கள் எடுக்கிறது, ஒரு படம் நகர்ந்தால் 0.03 நொடி. போதுமான துல்லியம்தான்.

மொத்த நேரத்தை மூன்றாகப் பிரித்தோம். தொடங்கச் சொல்லும் ஒலி கேட்டதிலிருந்து முதல் குண்டுவரை எனக்கு 1.9, இளைஞருக்கு 1.3. ஓரிடத்தின் கடைசிக் குண்டிலிருந்து அடுத்த இடத்தின் முதல் குண்டுவரையிலான நான்கு இடைவெளிகள் எனக்கு 2.9, 3.4, 2.7, 3.1, அவருக்கு 2.1, 2.3, 2.0, 2.2. நின்று சுட்ட நேரம் எனக்கு 7.4, அவருக்கு 6.4. வித்தியாசம் 5.1 நொடியில் இடைவெளிகள் மட்டுமே 3.5 நொடியை விழுங்கியிருக்கின்றன. விசையை வேகமாக இழுக்கப் பழகவேண்டும் என்று மூன்று மாதமாகத் தோட்டாவைக் கொட்டிக்கொண்டிருந்தேன். அந்தச் செலவை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

சரி, அவர் என்னைவிட இருபது வயது இளையவர், ஓட்டத்தில் போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். படம் படமாக நகர்த்திப் பார்த்தோம். ஓட்டத்தில் நான்கு இடைவெளிக்கும் சேர்த்து 0.7 நொடிதான் வேறுபாடு. மிச்சம் 2.8 நொடி, போய்ச் சேர்ந்து கால் ஊன்றிய பிறகு போனது. அவர் கடைசி இரண்டு எட்டிலேயே துப்பாக்கியைக் கண்ணுக்கு நேராக உயர்த்திவிடுகிறார், கால் ஊன்றியதும் குண்டு போகிறது. நானோ போய் நின்று, மூச்சு வாங்கி, அதன் பிறகு உயர்த்துகிறேன். மேகசின் மாற்றியதும் அந்த 3.4 இடைவெளியில்தான். அது முடிந்து இரண்டு எட்டு வைத்த பிறகே அடுத்த இடத்தை அடைந்திருக்கிறேன். அதனால் ஒரு நொடியும் போகவில்லை. மச்சானிடம் சொன்னது பொய்.

ஏழாவது அட்டையை மட்டும் தனியே பார்த்தேன். மிஸ் ஆன குண்டின் சத்தத்துக்கு நான்கு படம் முன்பே என் இடது குதிகால் தரையைவிட்டு எழும்பியிருக்கிறது. கண் அட்டையில் இல்லை, அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிட்டது. கிளம்புகிற இடத்தில் அவசரம், போய்ச் சேர்ந்த இடத்தில் சாவகாசம். மிஸ்ஸும் அந்த 2.8 நொடியும் வேறு வேறு குற்றமாகத் தாளில் கிடந்தன. வீடியோவில் இரண்டும் ஒரே ஆள்தான்.

இப்படி ஒன்று கிடைத்ததும் மற்றதை அடித்துவிடுங்கள். ஹோல்ஸ்டரிலிருந்து எடுப்பதில் 0.6 நொடி, ஆறு சி எல்லாம் அடுத்த முறைக்கு. பத்துத் தவறுகளைப் பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டிவைத்த நண்பர் ஒருவர் இருக்கிறார். ஒட்டியதோடு சரி.

பயிற்சிக்கு மாடித் தரையில் அடுப்புக்கரியால் ஐந்து கட்டங்கள் போட்டேன். வெறுங்கையோடுதான். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். பொம்மைத் துப்பாக்கி வாங்கிவரட்டுமா என்று பையன் கேட்டான், அதுவும் வேண்டாமென்றேன். பக்கத்து மாடியிலிருந்து பார்ப்பவருக்குப் பொம்மை எது, உண்மை எது என்று தெரியுமா? கைகளைக் கூப்பிக் கண்ணுக்கு நேரே நீட்டினால் போதும். கட்டத்துக்கு இரண்டு எட்டு முன்பே கை உயர வேண்டும். கட்டத்தை விட்டுக் கிளம்புமுன் மனத்துக்குள் ‘ரெண்டு’ என்று முடித்த பிறகே குதிகால் எழும்ப வேண்டும். பையன் என் காலை மட்டும் பார்ப்பான், முந்தி எழும்பினால் கை தட்டுவான். முதல் நாள் இருபது சுற்றில் பதினாறு தட்டு வாங்கினேன்.

நேற்று ஐந்து. இன்று சாயங்காலம் போய்ப் பார்த்தால் கட்டங்களைக் காணோம். ராத்தா மாடியைக் கழுவிவிட்டு, கோடு போட்டிருந்த இடத்தில் பாய் விரித்துக் கருவாடு காயப்போட்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமைவரை மாடி அவளுக்காம். நோட்டில் இன்னொரு ஸ்டேஜ் பார்க்கப்படாமல் இருக்கிறது, 32 குண்டு. பையனைக் கூப்பிட்டு அதைத் திறக்கச் சொல்லியிருக்கிறேன்.