முதல் சுரம் உடையாமல் இருக்க மூச்சை அடக்காதீர்கள்

டிரம்பெட், டிராம்போன், டியூபா போன்ற பித்தளைக் கருவிகளை ஊதத் தொடங்கும்போது, முதல் சுரத்துக்கு முந்தைய தாள எண்ணிக்கை முழுவதும் 'ஓ' என்று உச்சரிக்கும் வாய் வடிவில் மூச்சை இழுத்து, நுரையீரல் நிறைந்த அந்தக் கணத்திலேயே, இடையில் நிறுத்தாமல், காற்றை வெளியே விடுங்கள். இழுத்த மூச்சை அடக்கினால் குரல்வளை மூடிக்கொள்ள, அதன் பின்னால் அழுத்தம் சேர்ந்து காற்று வெடித்துப் பாய்கிறது. முதல் சுரம் பல நேரம் உடைவது இதனால்தான், பாவம், பழி உதடுகள் மீது விழுகிறது. 'ஓ' வடிவம் நாக்கைத் தாழ்த்தித் தொண்டையைத் திறந்துவைக்கும். இழுக்கும்போது சீறல் ஒலி கேட்டால் தொண்டை இறுகியிருக்கிறது என்று பொருள். மூச்செடுக்க ஒரு முழு எண்ணிக்கை கிடைக்காத வேகமான பகுதிகளுக்கு இது பொருந்தாது; அங்கே ஊதுவாயை உதட்டிலிருந்து எடுக்காமல் வாயின் ஓரங்கள் வழியே இழுத்துக்கொள்ள வேண்டும்.