சேப்பாக்கத்தில் ஏழரைச் சனி: மேட்சும் சாப்பாடுமாக ஒன்றரை நாள்

வேலூர், அரக்கோணம் பக்கமிருந்து சென்னைக்கு மேட்ச் பார்க்க வருகிறவர்கள் செய்யும் முதல் தப்பு காரில் வருவது, இரண்டாவது தப்பு அன்றைக்கு ராத்திரியே ஊர் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போடுவது. சனிக்கிழமை ஐபிஎல் ஆட்டம் 7.30க்கு ஆரம்பித்தால் (எங்கள் கூட்டத்தில் இதற்கு ஏழரைச் சனி என்றே பெயர்) கடைசிப் பந்து போடும்போது மணி 11 தாண்டியிருக்கும், அந்தக் கூட்டத்தில் நீந்தி வெளியே வந்து சென்ட்ரலுக்கு ஓடினால் உங்கள் ரயில் போயிருக்கும். அதனால் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனிலோ சின்ன லாட்ஜிலோ ரூம் போட்டுவிடுங்கள். ரூம் சுமாராகத்தான் இருக்கும், ஆனால் ஸ்டேடியம், மெரினா, சாப்பாடு மூன்றும் நடக்கிற தூரம். டிக்கெட் கைக்கு வந்த பிறகு ரூம், தலைகீழாகச் செய்யாதீர்கள். வாலாஜா சாலையில் நின்று ரகசியக் குரலில் டிக்கெட் விற்கிறவர்களைப் பார்த்தால் அப்படியே நடந்துவிடுங்கள்.

சென்ட்ரலில் இறங்கி எதிரே பார்க் டவுன் ஸ்டேஷனுக்குப் போய்ப் பறக்கும் ரயில் ஏறினால் சிந்தாதிரிப்பேட்டை, அடுத்தது சேப்பாக்கம், ஸ்டேடியத்தை ஒட்டியே ஸ்டேஷன். ஆட்டோ பேரம் படிவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். மெட்ரோதான் வேண்டுமென்றால் சென்ட்ரலுக்கு அடுத்த அரசினர் தோட்டத்தில் இறங்கி நடக்க வேண்டும்.

காலை டிபனுக்கு நேராக ரத்னா கபே. 1948லிருந்து திருவல்லிக்கேணி ஹை ரோட்டில் இருக்கிறது, ஊரெல்லாம் கிளை வந்தாலும் எனக்கு இதுதான். இட்லி வந்ததும் கை வைக்காதீர்கள், பின்னாலேயே சாம்பார் ஜக்கோடு ஒருவர் வருவார், இட்லி மூழ்குகிற வரைக்கும் ஊற்றுவார். ஸ்பூனால் நாலாக வெட்டி, ஒரு நிமிஷம் ஊறவிட்டு, ஓரத்திலிருந்து ஆரம்பியுங்கள். தட்டில் சாம்பார் வற்றினால் கூப்பிடக்கூட வேண்டாம், நிமிர்ந்து பார்த்தாலே மறுபடி ஊற்றிவிடுவார். இரண்டு இட்லிக்கு அரை லிட்டர் சாம்பார் குடித்தவர்களை எனக்குத் தெரியும், அதில் நானும் ஒருவன். வடையைத் தவிர்த்துவிடுங்கள், மதியம் வயிற்றில் இடம் வேண்டும்.

மதியம் அசைவக்காரர்களுக்கு நாயர் மெஸ், பெல்ஸ் ரோட்டை ஒட்டிய சந்தில். சாப்பாடு, மீன் வறுவல், அவ்வளவுதான் விஷயம். மேட்ச் நாளில் மஞ்சள் சட்டைக் கூட்டம் வாசலில் நிற்கும், சீக்கிரமே போய்விடுங்கள். சைவம் என்றால் பார்த்தசாரதி கோயிலில் நடை சாத்துவதற்குள் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு, பிரசாத ஸ்டாலில் புளியோதரை வாங்கிக்கொள்ளலாம். அப்புறம் ரூமுக்குப் போய்க் கட்டாயம் தூங்குங்கள். தூங்காமல் மெரினா மணலில் மதியம் சுற்றினவன் பவர் பிளே (முதல் ஆறு ஓவர்) முடிவதற்குள் கொட்டாவி விடுவான்.

நாலரைக்கு மெரினா, தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் ஒரு பொட்டலம், கடல் காற்று. ஆறு மணிக்குள் கேட்டுக்கு வந்துவிடுங்கள். பை, தண்ணீர் பாட்டில், பவர் பேங்க், வெளிச் சாப்பாடு எதையும் உள்ளே விடமாட்டார்கள். ஒரு தடவை, உள்ளே காசு கொட்ட வேண்டாமே என்று வீட்டிலிருந்து பொடி இட்லி கட்டிக்கொண்டு போனேன். கேட்டில் நின்றவர் பொட்டலத்தை மோந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா உள்ள போகாது சார்" என்றார். பதினாலு இட்லி. நானும் மச்சானும் வரிசைக்குப் பக்கத்தில் நின்றபடியே முக்கால்வாசியைத் தின்று, மீதியைப் பின்னால் நின்ற திருச்சிப் பையன்களிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனபோது இரண்டு விக்கெட் விழுந்திருந்தது. போன், கொஞ்சம் பணம், கைக்குட்டை, இதற்கு மேல் எதுவும் எடுத்துப் போகாதீர்கள். கைக்குட்டை ஏன் என்று உட்கார்ந்த பத்து நிமிஷத்தில் சட்டை முதுகில் ஒட்டும்போது தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை தூக்கம் கலைவது கஷ்டம்தான், ஆனாலும் சேப்பாக்கம் ஸ்டேஷனில் ரயில் பிடித்து முண்டகக்கண்ணியம்மன் கோயில் ஸ்டேஷனில் இறங்கி மயிலாப்பூர் ராயர் மெஸ்ஸுக்குப் போய்விடுங்கள். சின்ன இடம், கெட்டிச் சட்னி, பொங்கல், காலை டிபன் கடையைச் சீக்கிரம் முடித்துவிடுவார்கள், பத்து மணிக்கு ஆடி அசைந்து போனால் வெறும் வாசலைத்தான் பார்க்கலாம். ஊருக்குக் கிளம்பும் முன் அண்ணா சாலை புகாரி. 1965ல் மெனுவில் ஏறியதால்தான் சிக்கன் 65 என்று அவர்கள் சொல்கிறார்கள், ஊர் ஊராக இதற்கு வேறு கதைகளும் உண்டு, சாப்பிடும்போது அந்தச் சண்டை எதற்கு.

ஐபிஎல் டிக்கெட் கிடைக்கவில்லையா, மாநில அணிகள் மோதும் ரஞ்சி ஆட்டம் நடக்கும் வாரமாகப் பார்த்து வாருங்கள், பெரும்பாலும் டிக்கெட்டே எடுக்க வேண்டாம், இஷ்டப்பட்ட இடத்தில் உட்காரலாம். ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமே 1934ல் இதே மைதானத்தில்தான் நடந்தது. பகல் ஆட்டம் என்றால் மேற்குப் பக்கத்து ஸ்டாண்ட், மதியத்துக்கு மேல் நிழல் அங்கேதான் விழும். வெயிலை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1986ல் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் சம ரன்னில் முடித்த டை டெஸ்டில் இங்கே 210 அடித்த ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் வாந்தி எடுத்துக்கொண்டே ஆடி, கடைசியில் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டார். நீங்கள் உட்கார்ந்துதான் பார்க்கப்போகிறீர்கள், இருந்தாலும் ஒரு தொப்பி, போகும் வழியில் ரெண்டு டம்ளர் மோர்.